வெப்சைட் நடத்தும் பிள்ளைக்கு எதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா?

பிளஸ் டூ முடித்த மகளைப் பற்றி ஒரு பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தோழிகளோடு சேர்ந்து தங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு செய்தி இணையதளம் நடத்துகிறாளாம். படிப்பும் அதை ஒட்டித்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பெரியப்பா விடுவதாக இல்லை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டு நான் பேசித் தருகிறேன், வெப்சைட்டை வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். 7 லட்சம் கல்விக்கடனுக்கு வங்கியில் விசாரித்தும் ஆயிற்று. பயமாக இருக்கிறது, ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள்.

பயப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கடன் விவரத்தைப் படித்த பிறகு, கொஞ்சம் பயப்படுவதே நல்லது என்று தோன்றுகிறது.

7 லட்சம், 10 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை. மாதம் 11,600 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் நான்கு ஆண்டுகளில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. பொதுவாக 7.5 லட்சம் வரை வங்கி சொத்து அடமானம் கேட்பதில்லை என்பதால் இந்தக் கடன் சுலபமானதாகத் தெரிகிறது. கிடைப்பதுதான் சுலபம், கட்டுவது இல்லை. முதல் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வில் இடம் பெறுபவர்களுக்குத்தான், கோட்டாவில் சேர்பவர்களுக்குக் கிடையாது. பெரியப்பா சீட்டு பேசித் தருவார், தவணையை அவரா கட்டப் போகிறார்? இந்தப் படிப்பை அவளே கேட்டிருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன். அவள் கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அடுத்து அவளுடைய நாட்டம். நீங்கள் அனுப்பிய இணைப்பில் போய்ப் பார்த்தேன். பேட்டிகள், திருவிழாப் படங்கள் எல்லாம் தோழிகள் செய்தவை. உங்கள் மகள் பெயரில் இருப்பவை வேறு மாதிரி. எந்தெந்த கிராமங்களுக்குப் பேருந்து நின்றுபோனது, எந்த அரசுப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அட்டவணை போட்டிருக்கிறாள். உறவினர்கள் கண்ணுக்கு வெப்சைட் மட்டும் தெரிகிறது. அவளுக்குப் பிடித்திருப்பது எண்ணுவதும், எண்ணியதைச் சரிபார்ப்பதும்.

இதைப் பிழைப்பாக்க முடியுமா? இந்தியாவில் செய்தி இணையதளங்கள் எப்படித் தொடங்கி வளர்ந்தன என்று கொஞ்சம் பாருங்கள். 2011-இல் கோவிந்தராஜ் எத்திராஜ் தொடங்கிய இந்தியாஸ்பெண்ட், அரசுப் புள்ளிவிவரங்களை அலசுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்ட தளம். அதை ஒட்டித்தான் பிறகு ஃபேக்ட்செக்கர் வந்தது. 2012-இல் வந்த நியூஸ்லாண்ட்ரி வாசகர் சந்தாவை நம்பி வளர்ந்தது. 2014-இல் பெங்களூருவை மையமாக வைத்துத் தொடங்கிய தி நியூஸ் மினிட், தேசிய ஊடகங்கள் ஓரமாகத் தள்ளிய தென்மாநிலச் செய்திகளைக் கையில் எடுத்தது. அதே காலத்தில் வெளிநாட்டுப் பெயரோடு வந்த ஹஃப்போஸ்ட் இந்தியா என்ன ஆனது? டிஜிட்டல் செய்தித் துறையில் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு 2019-இல் 26 சதவீத வரம்பு வைத்தது. 2020 நவம்பரில் தாய்த் தளமான ஹஃப்போஸ்ட், பஸ்ஃபீட் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் கைக்கு மாறும் கட்டத்தில் இந்தியப் பதிப்பை மூடிவிட்டார்கள். அதே பஸ்ஃபீட் தன் செய்திப் பிரிவை 2023-இல் மூடியது. ஆகவே இந்தத் துறையில் வேலை நிரந்தரம் என்று நான் சொல்லப் போவதில்லை. தளம் மூடினாலும் கையில் நிற்கும் தொழில் ஒன்று வேண்டும்.

விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது பி.எஸ்சி. புள்ளியியல். அரசு கலைக் கல்லூரியில். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்கிறாள், அது போதும்.

முகம் சுளிக்காதீர்கள். 2024-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், இன்னொன்றில் பணமாக்கிய கட்சிகள். யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது மட்டும் இரண்டிலும் இல்லை. பி.டி.எஃப்.பில் வந்த அந்தப் பட்டியலில் ஒரே நிறுவனத்தின் பெயர் ஓரிடத்தில் முழுசாக, இன்னோரிடத்தில் பாதியில் வெட்டுப்பட்டு இருந்தது. அப்படியே கூட்டினால் ஒரு நிறுவனம் இரண்டு நிறுவனமாகிவிடும். மார்ச் 21 அன்று ஒவ்வொரு பத்திரத்தின் தனி எண்ணும் வெளியான பிறகுதான் இரண்டு பட்டியலையும் இணைக்க முடிந்தது. நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் மூன்றும் தனிப் பத்திரிகையாளர்கள் சிலரும் கூட்டாக உட்கார்ந்து அந்தத் தரவிலிருந்து செய்திகளை எடுத்தார்கள். பெயர்களைச் சுத்தம் செய்வது, பட்டியல்களைப் பொருத்துவது, கூட்டுத்தொகை இடிக்கும் இடத்தில் சந்தேகப்படுவது: அன்று கைகொடுத்தது இந்தத் திறமைதான்.

தமிழில் இந்த வேலைக்கு ஆள் இன்னும் குறைவு. ஆனால் மூலப்பொருள் குவிந்து கிடக்கிறது. தமிழ்நாடு அரசின் ஒவ்வொரு துறையும் சட்டசபையில் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது, அதுவும் தமிழிலேயே. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் மாவட்ட வாரியாகத் தகவல் இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளர் எத்தனை வாக்கு வாங்கினார் என்று பார்க்க படிவம் 20 இருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரும் பதில் சில நேரம் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், நகலெடுத்தால் குப்பையாக விழும். அதை யூனிகோடுக்கு மாற்றி, எக்செல்லில் ஏற்றி, ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் அலசி, கியூஜிஐஎஸ்ஸில் வரைபடமாக்கத் தெரிந்த ஒரு பெண்ணை எந்தச் செய்தித் தளமும் உட்காரவைத்துப் பேசும். எக்செல் நீங்கலாக இவை எல்லாமே இலவச மென்பொருட்கள்.

கல்லூரியில் நிகழ்தகவு, மாதிரிக் கணக்கெடுப்பு, தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்) இவற்றை ஒழுங்காகப் படித்துவிட்டால், ஆயிரம் பேரிடம் கேட்ட கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று அவளே சொல்லிவிடுவாள். எழுத்து நடையைப் பழகித் திருத்திக்கொள்ளலாம், இந்த அடித்தளத்தைப் பிற்பாடு தனியாகப் படித்துக்கொள்வது கஷ்டம். படிப்புக்கு வழி சொல்லும் எங்கள் தொழிலில் பலர் இந்தப் படிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. விளம்பரம் கொடுக்கும் கல்லூரிகளில் பி.எஸ்சி. புள்ளியியல் முன்னால் நிற்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

பெரியப்பா அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "பத்திரிகை வேலை கிடைக்கவில்லை என்றால்?" யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த இளநிலைப் பட்டமே போதும். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. வழியாகவும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். வங்கி, காப்பீடு, மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் வேறு. மேலே படிக்க இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது, சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. கோட்டா சீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக் கரைசேராத பிள்ளைக்கு இத்தனை கதவு திறக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. செய்தித் தளங்களில் தொடக்கச் சம்பளம் சொற்பம்தான், ஐ.டி.யில் சேர்ந்த தோழியோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டை வரும். ஆனால் அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரம் ரூபாய்தான். கடன் இல்லாமல் வெளியே வருபவள் குறைந்த சம்பளத்தில் இரண்டு வருடம் தொழில் பழகலாம். தவணை கட்டுபவளால் அது முடியாது.

இனி வேலையைப் பாருங்கள். அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கான இணையதளத்தில் தேதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். புள்ளியியல் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது, சென்னை மாநிலக் கல்லூரி போன்ற சில இடங்களில்தான் கிடைக்கும். விடுதிக்கும் சேர்த்து விசாரியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் கணிதமோ பொருளியலோ எடுக்கட்டும். ஆனால் பாடத்திட்டத்தில் புள்ளியியல் துணைப்பாடமாக இருக்கிறதா என்று சேரும் முன்பே துறையில் கேட்டுவிடுங்கள், மேலே சொன்ன அரசுத் தேர்வுகளின் தகுதிக்கு அது உதவும். இணையதளத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மூன்று பேரும் மூன்று ஊருக்குப் படிக்கப் போகும்போது புதுப்பிக்க மறந்தால் பெயர் கைவிட்டுப் போய்விடும்.