சுட்டி விதிகளைப் பாடமாக்காமல் விளங்கிக்கொள்வது எப்படி?

மறைச் சுட்டியும் (−3 போன்றது) பின்னச் சுட்டியும் (1/2 போன்றது) வந்தால் எல்லாம் குழம்புகிறது, விதிகளைப் பாடமாக்கினாலும் சோதனையில் மறந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. இங்கே கிளிநொச்சிப் பக்கம் ஓ.எல் (சாதாரண தரச் சோதனை) எடுக்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

2³ இல் 2 அடி, மேலே நிற்கும் 3 சுட்டி, முழுவதும் சேர்ந்தது வலு. ஒரேயொரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே அடியுள்ள வலுக்களைப் பெருக்கினால் சுட்டிகளைக் கூட்ட வேண்டும். 2³ × 2⁴ என்பது மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும். சேர்த்துப் பெருக்கினால் ஏழு இரண்டுகள், 2⁷. அவ்வளவுதான்.

2³ என்றால் மூன்று இரண்டுகளின் பெருக்கம் என்று படித்த பிள்ளை 2⁻³ ஐக் கண்டதும் திகைக்கிறது. மறை மூன்று தரம் எப்படிப் பெருக்குவது? அப்படிப் பெருக்க ஏலாதுதான். எண்ணிப் பெருக்கும் கருத்து 1, 2, 3 போன்ற எண்ணும் எண்களுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கப்பால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மேலே சொன்ன விதி உடையாமல் இருக்க வேண்டுமென்றால் 2⁻³ எந்த எண்ணாக இருக்க வேண்டும்?

முதலில் 2⁰ ஐப் பாருங்கள். விதிப்படி 2³ × 2⁰ = 2³. எதால் பெருக்கினால் 8 மாறாமல் 8 ஆகவே இருக்கும்? ஒன்றால்தான். ஆகவே 2⁰ = 1. அடுத்தது 2³ × 2⁻³ = 2⁰ = 1. 8 ஐ எதால் பெருக்கினால் 1 வரும்? 1/8. ஆகவே 2⁻³ = 1/8. இது −8 உம் இல்லை, −6 உம் இல்லை. சுட்டியில் உள்ள மறைக் குறி விடையை மறை எண்ணாக்குவதில்லை, தலைகீழாக்குகிறது.

காலபோக (மாரிக்கால நெற்செய்கை) மழையில் இதைப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4 × 10³ சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை 10⁻³ மீற்றர். பெருக்கினால் 4 × 10⁰, அதாவது 4 கன மீற்றர். ஒரு ஏக்கர் வயலில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தாலே 4000 லீற்றர் தண்ணீர் விழுகிறது! 10⁻³ உம் 10³ உம் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒன்றாவதைக் கவனியுங்கள்.

பின்னச் சுட்டிக்கும் அதே கேள்விதான். 9^(1/2) × 9^(1/2) = 9¹ (^ குறிக்குப் பின் வருவது சுட்டி). தன்னைத் தானே பெருக்கி 9 தரும் நேர் எண் 3. ஆகவே அரை என்ற சுட்டி வர்க்கமூலம். 8^(1/3) ஐ மூன்று தரம் பெருக்கினால் 8 வரவேண்டும், அது கனமூலம், 2. 8^(2/3) என்றால் கனமூலத்தை எடுத்து வர்க்கியுங்கள்: 4. வர்க்கித்துவிட்டுக் கனமூலம் எடுத்தாலும் அதே 4 தான். ஆனால் மூலத்தை முதலில் எடுத்தால் எண்கள் சிறிதாக நிற்கும், சோதனையில் நேரம் மிச்சம்.

சுட்டியைச் சிறிய எண்ணாக மேலே எழுதும் முறை பிரெஞ்சுக் கணிதவியலாளர் டேக்கார்ட்டின் 1637 ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. அதில் அவை நேர் முழு எண்கள்தான். மறை, பின்னச் சுட்டிகளுக்கு 1656 இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜோன் வொலிஸ் பொருள் சொன்னார், 1676 இல் நியூட்டன் தன் கடிதங்களில் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினார். பெரிய கணிதவியலாளர்களுக்கே காலம் எடுத்த விடயம் இது. ஒரு கிழமையில் பிடிபடவில்லை என்று மனம் சோராதீர்கள்.

பின்னச் சுட்டி வந்தால் அடி நேர் எண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். −8 இன் கனமூலம் −2. ஆனால் 1/3 ஐ 2/6 என்று எழுதி, −8 ஐ வர்க்கித்து 64 ஆக்கி ஆறாம் மூலம் எடுத்தால் 2 வந்துவிடும். ஒரே சுட்டிக்கு இரண்டு விடை!

இப்போது 16^(−3/4) ஐ நீங்களே செய்யுங்கள். நான்காம் மூலம் 2, அதன் கனம் 8, மறைக் குறிக்காகத் தலைகீழ், 1/8. அப்புறம் ஒன்று: விதி பெருக்கலுக்கு மட்டும்தான். 2³ + 2⁴ ஐ 2⁷ என்று எழுதிவிடாதீர்கள், அது 8 + 16, வெறும் 24.