கதை தெரியும், மொழி தெரியாது: ஜாவாவின் அரண்மனை நாட்டிய நாடகத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு நான்கு நாள் யோக்யகார்த்தா போகிறோம். பையனுக்கு ஒன்பது வயது. 'வயாங் வோங்' என்கிற அரண்மனை நாட்டிய நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. விசாரித்தால் எல்லாரும் பிரம்பனான் ராமாயணத்துக்கு டிக்கெட் போடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? ஜாவானிய மொழி தெரியாமல் உட்கார்ந்து பார்க்க முடியுமா?
- கோவை வாசகி

பதில்: இரண்டும் ஒன்றில்லை. பிரம்பனான் கோயில் பக்கத்தில் நடப்பது 1961-இல் சுற்றுலாவை மனதில் வைத்து உருவாக்கிய நிகழ்ச்சி. ஆட்டம் அரண்மனை மரபிலிருந்து எடுத்ததுதான். ஆனால் வெளிநாட்டவருக்குப் புரிய வேண்டும் என்று வசனத்தை எடுத்துவிட்டு, முழு ராமாயணத்தையும் ஒரே மாலைக்குள் அடக்கிவிட்டார்கள். வயாங் வோங்கில் ஆடுகிறவரே பேசுவார். அந்தப் பேச்சும் இழுத்து, ஏற்றி இறக்கி, ராகம் போட்டது மாதிரி இருக்கும். அதற்காகப் பிரம்பனானை விட்டுவிடாதீர்கள். ஜூலை மழையில்லாத மாதம் என்பதால் திறந்தவெளி மேடையில், பின்னால் கோயில் கோபுரங்கள் வெளிச்சத்தில் நிற்க, ஆட்டம் நடக்கும். அனுமன் இலங்கையை எரிக்கும் இடத்தில் நிஜ நெருப்பே வைக்கிறார்கள். பையனுக்கு அது ஒன்று போதும்.

அசல் வயாங் வோங்குக்கு வருவோம். 1755-இல் கியாந்தி ஒப்பந்தத்தில் மாத்தராம் அரசு இரண்டாக உடைந்தது. யோக்யகார்த்தா பக்கத்து முதல் சுல்தான் முதலாம் ஹமெங்குபுவோனோதான் அங்கே இதை வளர்த்தவர். சோலோ நகரத்து மங்குநெகாரான் அரண்மனையிலும் இதே கலை தனி வழியில் வளர்ந்தது. எட்டாம் ஹமெங்குபுவோனோ காலம் (1921–1939) இதன் உச்சம். காலையில் தொடங்கி இரவு வரை, அப்படி நாள் கணக்கில் ஒரே கதையை ஆடினார்கள். யோக்யகார்த்தாவில் பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். இன்று அந்த அளவில் யாரும் ஆடுவதில்லை. அரண்மனை எப்போதாவது நடத்தும் முழு நாடகம் உங்கள் நான்கு நாளுக்குள் அமைந்தால் அது அதிர்ஷ்டம். அதை நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

நம்பிப் போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, க்ராத்தான் எனப்படும் யோக்யகார்த்தா அரண்மனையின் ஸ்ரீ மங்கந்தி மண்டபம். அங்கே காலை நேரத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கலை. நடனம் எந்தக் கிழமை என்பது அவ்வப்போது மாறும், அரண்மனையின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முழு நாடகம் கிடைக்காது, துண்டுகள்தான். ஆனால் மரபு சுத்தமாக இருக்கும். இன்னொன்று, சோலோவின் ஸ்ரீவெடாரி அரங்கம். இதற்கு அவசியம் ஒரு இரவு ஒதுக்குங்கள். இது அரண்மனையை விட்டு வெளியே வந்து, டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்க்க ஆரம்பித்த வயாங் வோங். வரைந்த திரைச்சீலை, மேடைக்கு முன்னால் கேமலான் வாத்தியக் குழு, சுமார் இரண்டு மணி நேரம், டிக்கெட் மிகக் குறைந்த விலை. ஞாயிறு தவிர மற்ற இரவுகளில் நடக்கும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். வசனத்தோடு ஒரு முழுக்கதையைத் தொடர்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. யோக்யகார்த்தாவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். புர்வோசாரி நிலையத்தில் இறங்கினால் அதே சாலையில்தான் அரங்கம். ஆட்டம் இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்குவதால் அன்று சோலோவிலேயே தங்கிவிடுவது நல்லது.

சரி, புரியுமா? கதையைத் துரத்தாதீர்கள், அது மகாபாரதமும் ராமாயணமும்தான், உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆள் எப்படி நிற்கிறார், எப்படி நடக்கிறார் என்பதைப் பாருங்கள். இந்தக் கலையில் பாத்திரத்தின் குணம் முழுவதும் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. அர்ஜுனன் தலையைத் தாழ்த்தியிருப்பான், கண் தரையில் இருக்கும், பாதம் தரையைவிட்டு அதிகம் எழாது, குரலும் தாழ்ந்தே வரும். கிருஷ்ணனும் கர்ணனும் அதே மென்மையான வகைதான், ஆனால் முகம் நிமிர்ந்திருக்கும், குரல் மேலே நிற்கும். கடோத்கஜன் மாதிரி வீரர்களுக்குக் கை தோள் உயரத்துக்குப் போகும், தொடை அகன்று விரியும். அரக்கர்கள் இன்னும் அகலம், இன்னும் ஆர்ப்பாட்டம். பீமனை உடனே கண்டுபிடித்துவிடலாம்: கட்டம் போட்ட துணி, நீண்ட கட்டைவிரல் நகம். யார் முன்னாலும் பணிய மாட்டான், அண்ணனிடமும் மரியாதை மொழி பேச மாட்டான்.

இதெல்லாம் ஒன்றாகக் கூடிவரும் இடம், நாடகத்தின் நடுப்பகுதியில் வரும் சாகில் சண்டை. சாகில் என்பவன் கீழ்த்தாடை துருத்தி, ஒற்றைக் கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன அரக்கன். காட்டுவழியில் அர்ஜுனனையோ அபிமன்யுவையோ மறிப்பான். துள்ளுவான், சுழலுவான், கழுத்தை வெட்டி வெட்டி ஆட்டுவான். கெண்டாங் மத்தளம் அவன் ஒவ்வொரு அசைவுக்கும் அடி கொடுக்கும். எதிரில் நிற்கிறவனோ அசைவதே தெரியாது. மெதுவாக ஒரு கை எழும், இடுப்பில் தொங்கும் நீண்ட துணியின் நுனியை விரலிடுக்கில் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவான். அவ்வளவுதான், சாகில் போய் விழுவான். கடைசியில் வெறி தலைக்கேறிக் கிரிஸ் கத்தியை உருவுவான். அந்தக் கை திருப்பப்பட்டு, தன் கத்தியாலேயே சாவான். கூட்டத்தின் கைதட்டல் பெரும்பாலும் சாகிலுக்குத்தான் கிடைக்கும். ஆனால் இரண்டு பேரில் கடினமான வேலை அசையாமல் நிற்கிறவனுடையது. ஒரு தடவை சாகிலை மறந்துவிட்டு அவனை மட்டும் பாருங்கள்.

காதுக்கும் ஒரு வழி உண்டு. பெரிய கோங் என்கிற வெண்கலத் தட்டின் அடி எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். அசைவுகள் அங்கே வந்து அடங்கும். இடையிடையே 'டக் டக்' என்று மரப்பெட்டியைத் தட்டும் ஓசை ஆடுகிறவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்கும் சைகை. பத்து நிமிடம் இப்படிக் கேட்டால் மெதுவாகப் போகிறதே என்ற அலுப்பு போய்விடும்.

கதையிலும் சில இடங்களில் திகைப்பீர்கள். திரௌபதி அங்கே தர்மனுக்கு மட்டுமே மனைவி. சிகண்டி, ஸ்ரீகாண்டி என்ற பெயரில் வில்லேந்தும் பெண். அர்ஜுனனின் மனைவியரில் ஒருத்தி. கடோத்கஜன் பெரிய கதாநாயகன். 1995-இல் இந்தோனேசியா சொந்தமாகத் தயாரித்துப் பறக்கவிட்ட என்-250 விமானத்துக்கே அவன் பெயரைத்தான் வைத்தார்கள். பையனிடம் சொல்லுங்கள், விரும்புவான். அப்புறம் வியாசரிடம் இல்லாத நான்கு பேர் வருவார்கள்: தொப்பையும் தள்ளாட்டமுமாகச் செமார், கூடவே காரெங், பெத்ருக், பாகோங். பாண்டவர்களின் வேலைக்காரர்கள், கோமாளிகள். செமார் பார்க்கத்தான் கோமாளி, உண்மையில் பூமிக்கு வந்த தெய்வம். அவர்கள் பேசும் நகைச்சுவை மட்டும் உங்களுக்கு நிச்சயமாகப் புரியாது. அரங்கம் சிரிக்கும்போது நீங்கள் விழிப்பீர்கள், பரவாயில்லை. பெயர்களையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்: அர்ஜுனனை ஜனகா என்பார்கள், பீமனை வெர்குதாரா, தர்மனைப் புந்ததேவா, ராவணனை ராஹ்வானா அல்லது தசமுகா.

போவதற்கு முன் அரண்மனையின் யூடியூப் பக்கத்தில் உள்ள முழு வயாங் வோங் பதிவுகளில் ஒன்றை அரை மணி நேரமாவது பையனோடு உட்கார்ந்து பாருங்கள். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமையும் ஜாவானியக் காலண்டரின் ஐந்து நாள் வாரத்தில் வரும் வாகே நாளும் ஒன்றாகச் சேரும் நாளுக்கு முந்தைய இரவில், அரண்மனையில் இசையும் நடனமும் உண்டு. உங்கள் தேதிகளில் வருகிறதா என்று பாருங்கள். அரண்மனைக்குள் தொப்பி, அரைக்கால் சட்டை வேண்டாம். மாலியோபோரோ கடைவீதியில் வாங்கிய பாத்திக் சட்டையில் சாய்வுக் கோடாக ஓடும் பாராங் கோலம் இருந்தால் அதையும் அன்று போட வேண்டாம். அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய கோலம் அது. ஸ்ரீவெடாரியில் எந்த இரவு என்ன கதை என்பதை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். கடோத்கஜன் பெயர் இருக்கும் இரவாகப் பார்த்து, முதல் சில வரிசைகளுக்குள் டிக்கெட் எடுங்கள். வாத்தியக்காரர்களின் கையும் தெரியும்.