அப்பாவின் ஆல்பமும் ஒன்றே முக்கால் வயது மகனும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான். போன மாதம் என் அப்பாவின் பழைய இங்க் பேனாவைத் தரையில் குத்திக் குத்தி நிப்பை வளைத்துவிட்டான். சரி, போகட்டும் என்று விட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் ஏறி, மேலே இருந்த போட்டோ ஆல்பத்தை இழுத்துப் போட்டிருக்கிறான். சில படங்களைக் கிழித்துவிட்டு, மீதியை ஆல்பத்தோடு குளியலறை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டான். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய இளவயதுப் படங்கள் அந்த ஆல்பத்தில்தான் இருந்தன. கத்தினேன். கையில் ஓர் அடியும் வைத்துவிட்டேன். அவன் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தான், அப்புறம்தான் அழுதான். "பொருள்தானே, விடு" என்கிறார் கணவர். "குழந்தை இருக்கிற வீட்டில் இதையெல்லாம் ஏன் வெளியே வைத்தாய்?" என்கிறார் மாமியார். இப்போதும் அவனைத் தூக்கும்போது உள்ளே ஒரு கோபம் எட்டிப் பார்க்கிறது. அவன் வேண்டுமென்றே செய்கிறானா? எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட வேண்டியதுதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கணவர் ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆறுதல் உங்களிடம் வேலை செய்யாததில் ஆச்சரியம் இல்லை. பொருள் என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். உங்கள் அப்பாவின் இருபது வயது முகத்தை எங்கே போய் வாங்குவது? அந்த ஆல்பத்துக்காக நீங்கள் அழுதால் அது அற்பத்தனம் இல்லை. குழந்தையைவிடப் பொருளைப் பெரிதாக நினைக்கிறீர்கள் என்றும் ஆகாது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் யாரும் உங்களை அழவிடவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒருவர் 'விடு' என்று முடித்துவைத்தார். இன்னொருவர் விசாரணை நடத்தினார். போக வழியில்லாத துக்கம் கைக்கெட்டிய ஆள் மேல்தான் கோபமாக இறங்கும். உங்கள் வீட்டில் கைக்கெட்டிய ஆளுக்கு ஒன்றே முக்கால் வயது. அதனால் முதல் வேலை கணவரோடுதான். அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "எனக்குச் சமாதானம் வேண்டாம். அப்பாவின் படம் போய்விட்டது, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், கேளுங்கள்." அவர் அதைக் கேட்டுவிட்டால், மகனைத் தூக்கும்போது எட்டிப் பார்க்கும் கோபம் பாதியாவது இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்கு 'சிற்றில்' என்று ஒரு பருவமே வைத்திருக்கிறார்கள். சிறுமிகள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மணல் வீட்டை ஓடிவந்து காலால் கலைக்கிற வயது. கலைப்பதைக் குழந்தையின் குற்றமாகப் புலவர்கள் எழுதவில்லை, பருவமாக எழுதினார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறொன்று: அந்தப் பாட்டு வருவது வீடு கட்டிய சிறுமிகளின் வாயில். 'எங்கள் சிற்றிலை அழிக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. 'மணல்தானே' என்று எந்தப் பெரியவரும் நடுவில் வந்து அவர்கள் வாயை அடைப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. வேண்டுமென்றே செய்கிறானா?

ஆமாம், வேண்டுமென்றேதான். ஆல்பத்தைத் தண்ணீரில் போட வேண்டும் என்று நினைத்தான், போட்டான். ஆனால் 'கெடுக்க வேண்டும்' என்ற எண்ணம் அதில் இல்லை. ஒரு தாள் நனைந்தால் பழையபடி ஆகாது என்பதே அவனுக்கு இன்னும் தெரியாது. அது தாத்தாவின் படம், தாத்தா திரும்ப வரமாட்டார், அதனால் அம்மாவுக்கு அது பெரிது என்ற சங்கிலியில் ஒரு கண்ணிகூட அவன் கையில் இல்லை. அவன் கண்டது இவ்வளவுதான்: கனமான ஒன்று, திறந்தால் பக்கம் புரள்கிறது, இழுத்தால் 'டர்' என்று சத்தம் வருகிறது, தண்ணீரில் போட்டால் முதலில் மிதந்து, பிறகு அமிழ்கிறது.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகன் பொருட்களைக் கீழே போடுவான். கையை ஒரு தடவை நீட்டிப் போடுவான், ஒரு தடவை பக்கவாட்டில் போடுவான், அது எங்கே விழுகிறது என்று பார்ப்பான். ஒரே செயலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று பார்க்கும் இந்தப் போக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் வலுப்படுகிறது என்றார் அவர். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைக் கடந்து, இன்னும் துணிச்சலான சோதனைகளுக்கு வந்திருக்கிறான். நிப்பைத் தரையில் குத்தியதும் அதே வகைதான். ஒருமுறை குத்தினால் ஒரு கோடு, இன்னொருமுறை குத்தினால் ஒரு புள்ளி. யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றும்?

அந்தச் சிரிப்புதான் உங்களை ரொம்பச் சுட்டிருக்கிறது. எனக்குப் புரிகிறது. 'செய்வதையும் செய்துவிட்டுச் சிரிக்கிறானே' என்று தோன்றும். ஆனால் இந்த வயதுக் குழந்தை, நிலைமை புரியாதபோது அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் தவழவிட்டார்கள். பாதி வழியில், கண்ணாடிக்கு அடியில் தரை இறங்கிப் பள்ளம் போலத் தெரியும். அங்கே வந்ததும் குழந்தைகள் எதிரே நிற்கும் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா சிரித்த முகம் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்துவந்தன. பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. உங்கள் மகனும் உங்கள் முகத்தைத்தான் படித்தான். இதுவரை பார்க்காத முகம் அது. சிரித்தால் வழக்கம் போல் அம்மாவும் சிரிப்பாள் என்று ஒரு சிரிப்பை அனுப்பிப் பார்த்தான். பதில் சிரிப்பு வரவில்லை, அழுதான். அதில் கேலி எதுவும் இல்லை.

'தொடாதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறேனே' என்பீர்கள். சொல்லியிருப்பீர்கள், அவனுக்குப் புரிந்தும் இருக்கும். தலையை ஆட்டி 'தொடாதே, தொடாதே' என்று தானே சொல்லிக்கொண்டு தொடுகிற குழந்தைகள் உண்டு. வார்த்தை தெரிவது வேறு, நீட்டிய கையைப் பாதியில் நிறுத்துவது வேறு. அந்த நிறுத்தும் வேலைக்கு முக்கியப் பொறுப்பு மூளையின் முன்பகுதிக்கு. அது முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. உங்கள் மகன் வரிசையின் கடைசியில் நிற்கிறான்.

2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்திலுள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் குறைந்தது 3,500 ஆண்டு பழமையான ஒரு ஜாடியை உடைத்துவிட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இழுத்தானாம். கண்ணாடித் தடுப்பு இல்லாமல் ஜாடியை வாசலருகே வைத்திருந்தது அருங்காட்சியகமே, பார்வையாளர்கள் கிட்ட நின்று பார்க்கட்டும் என்று. அவர்கள் பையனைத் திட்டவில்லை. குடும்பத்தோடு திரும்ப அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள், ஜாடியை ஒட்ட வைத்தார்கள். திறந்து வைப்பது எங்கள் முடிவு, அதில் இந்த ஆபத்தும் சேர்த்தி என்று ஏற்றுக்கொண்ட மாதிரிதான் அது. உங்கள் மாமியார் சொன்னதிலும் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. சொன்ன நேரமும் தொனியும்தான் தப்பு. கீழே விழுந்தவளிடம் 'பார்த்து நடந்திருக்கலாமே' என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்?

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கடித்தது ஆல்பம் இல்லை. தண்ணீர் நிறைந்த வாளியும், அவன் ஏறிய அலமாரியும்தான். இந்த வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. சில அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும், அப்போது சத்தமும் கேட்காது. வாளியைப் பயன்படுத்தியவுடன் கவிழ்த்து வையுங்கள், குளியலறைக் கதவுக்கு அவன் உயரத்துக்கு மேல் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். அலமாரியை இன்றைக்கே சுவரோடு சேர்த்துத் திருகி முடுக்கச் சொல்லுங்கள். கீழ்த்தட்டை ஏணியாக்கத் தெரிந்துகொண்டவன் மறுபடியும் ஏறுவான். அது அவன் மேலேயே சாயலாம். பேனா மூடியையும் மறக்காதீர்கள். இப்போது வரும் பல பேனா மூடிகளின் உச்சியில் ஒரு துளை இருக்கும், மூடி தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்று. அப்பா காலத்து மூடியில் அதை எதிர்பார்க்க முடியாது. நஷ்டம் ஆல்பத்தோடு நின்றதை, வருத்தத்துக்கு நடுவிலும், ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பூட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் பூட்டுங்கள். அப்படிப்பட்டவை எந்த வீட்டிலும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். இது நிரந்தரமும் இல்லை, சில வருட ஏற்பாடு. மற்றதெல்லாம் வெளியே இருக்கட்டும். ஒரு வீடு முழுக்க 'தொடாதே' என்றால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும்.

அவனுடைய ஆசைக்கும் ஒரு வழி வேண்டும். கிழிக்க ஆசையா, பழைய செய்தித்தாளைக் கொடுத்து நீங்களும் சேர்ந்து கிழியுங்கள். தண்ணீரில் போட ஆசையா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அகலமான ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மிதப்பதும் அமிழ்வதுமாக நாலு சாமான் கொடுங்கள். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தாத்தாவின் படம் ஒன்றைப் பிரதி எடுத்து அவனுக்கே கொடுத்துவிட்டாலும் நல்லது. கசக்கட்டும், கடிக்கட்டும், அவன் சொத்து.

மறுபடியும் ஏதாவது கையில் எடுப்பான், எடுக்காமல் இருக்க மாட்டான். அப்போது பாய்ந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவன் இன்னும் இறுக்குவான், இல்லை ஓடுவான். இரண்டிலும் பொருளுக்குத்தான் சேதம். உட்கார்ந்து, கையை நீட்டி, "அம்மாகிட்ட கொடு" என்று சொல்லுங்கள். 'தொடாதே' என்றால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. 'கொடு' என்றால் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. கொடுத்ததும் வேறு ஒன்றை அவன் கையில் வையுங்கள்.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நாள் அவன் நினைவில் நிற்கப்போவதில்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பொதுவாக யாருக்கும் பெரியவரானதும் நினைவிருப்பதில்லை. ஆகவே பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சம்பவம் மறக்கும், பழக்கம் தங்கும். அடுத்த தடவை கை ஓங்கினால், அவனைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். இரண்டு நிமிடம் அவன் அழுதால் அழட்டும். அப்புறம் வந்து தூக்கிக்கொண்டு, "அம்மா கோபமா இருந்தேன், அடிச்சது தப்பு" என்று சொல்லலாம். அவனுக்கு எவ்வளவு புரியும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'தாத்தா போட்டோவையெல்லாம் அழிச்சவன் நீதானே' என்ற கதை பத்து வருடத்துக்குப் பிறகு உறவுக்காரர்கள் முன்னால் வரக்கூடாது. தனக்கு நினைவே இல்லாத ஒரு காரியத்துக்கு அவன் ஏன் தலைகுனிய வேண்டும்? யாராவது ஆரம்பித்தால் நீங்களே பேச்சை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, மிஞ்சியவற்றைக் காப்பாற்றும் வழி. நனைந்த படங்களை முதல் 48 மணி நேரத்துக்குள் பிரித்துக் காயவைப்பது முக்கியம், பிறகு பூஞ்சை வந்துவிடும். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றைக் கையால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வரும். ஒட்டியபடியே ஒரு காகித உறையில் போட்டு, பழைய படங்களைச் சீரமைப்பவரிடம் காட்டுங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோப் படங்களைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க முடிகிற சமயமும் உண்டு, ஆனால் முதல் முயற்சியை அப்பாவின் படத்தில் செய்து பார்க்க வேண்டாம். கிழிந்த துண்டுகளுக்குச் செலோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம், செய்தால் திரும்ப எடுக்க முடியாது. துண்டுகளைச் சமமாக அடுக்கி ஸ்கேன் செய்தால் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். நிப்பைக் குறடு வைத்து நீங்களே நிமிர்த்தாதீர்கள். பேனா பழுது பார்ப்பவர் நிமிர்த்துவார், முடியாவிட்டால் வேறு நிப் மாற்றித் தருவார். பழைய நிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் அந்த ஆல்பத்தில் மட்டும்தான் இருந்தன என்பதையும் நான் உடனே நம்ப மாட்டேன். இளவயதுப் படம் என்றால் நண்பர்களோடும் உறவினர்களோடும் சேர்ந்து எடுத்தது ஒன்றாவது இருக்கும். கல்யாணக் கூட்டம், கல்லூரிக் குழு, வேலையில் சேர்ந்த இடம் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் வயதுக்காரர்கள் இன்னும் இருக்கும்போதே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேளுங்கள். பழைய பெட்டிகளில் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடும் வேலையைக் கணவரிடம் கொடுத்துவிடலாம்.