மூன்று நாள் ஆகவில்லை, ஆனால் கை சிவந்துவிட்டது

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சி பெறும் இரண்டாம் வருட மாணவி நான். ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அம்மாவுக்குக் கையில் கனுலா (சேலைன் ஏற்ற நாளத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) போட்டு இரண்டாம் நாள், அந்த இடம் சிவந்து நோகுது என்றார். சேலைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மூன்று நாளும் ஆகவில்லை; அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கை வீங்கிவிட்டது. என்னுடைய பிழையா?

பதில்: சொல்லாமல் விட்டது பிழைதான், பிள்ளை. ஆனால் உங்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. நாட்களை எண்ணினீர்கள், கையைப் பார்க்கவில்லை.

பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கனுலாவை வெறும் வழக்கத்துக்காக மாற்றத் தேவையில்லை என்பார்கள். அதுவரை எப்படியும் வைத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. கனுலா போட்ட இடத்தைப் பார்த்து நாள அழற்சிக்குப் புள்ளி போடும் வி.ஐ.பி. ஸ்கோர் படித்திருப்பீர்கள், 0 முதல் 5 வரை. இலேசான நோவு அல்லது இலேசான சிவப்பு மட்டும் என்றால் 1, கவனித்துக்கொண்டிருக்கலாம். நோவு, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு வந்தால் 2. கனுலாவைக் கழற்றி வேறிடத்தில் போட வேண்டும். அந்த அம்மா அன்றைக்கே 2.

சேலைன் ஓடுவதை நம்பாதீர்கள். நாளத்துக்கு வெளியே கசிந்தாலும் சொட்டு விழும். அப்போது தோல் குளிர்ந்து, வெளிறி, இறுகியிருக்கும். நாள அழற்சியில் சுடும், சிவக்கும். மற்றக் கையோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். கேட்டால் எங்கள் அம்மம்மாமார் “பரவாயில்லை பிள்ளை” என்றுதான் சொல்லுவினம்!

சந்தேகம் என்றால் முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள், உடனே பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கனுலாவைக் கழற்ற வேண்டாம். திசுவை அரிக்கக்கூடிய மருந்து கசிந்திருந்தால், கழற்றுமுன் அந்த வழியாகவே மருந்தை உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார்கள். அடைபட்ட கனுலாவில் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளவும் கூடாது.

மாணவி சொன்னால் யார் கேட்பார்கள் என்று தோன்றும். “ஏதோ மாதிரி இருக்கு” என்றால் கேட்கமாட்டார்கள்தான். “மிஸ், ஐந்தாம் கட்டில் அம்மாவுக்குச் சிவப்பும் நோவும், ஸ்கோர் 2, சேலைனை நிறுத்தியிருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நேரத்தோடு குறிப்பிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், புதிதாகப் போடும்போது முடிந்தால் மற்றக் கையில், மூட்டு மடிப்பைத் தவிர்த்து. ஸ்பிரிட் பூசினால் தானாகக் காய விடுங்கள். ஊதுவதும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம்.