அம்மாவோட இபிசா போறீங்களா? கேன்சல் பண்ணாதீங்க

சகோ, செப்டம்பர்ல அம்மாவோட ஸ்பெயின்ல இருக்குற இபிசா தீவுக்கு டிக்கெட் போட்டுட்டு, ஊரே டிஸ்கோவா இருக்குமேன்னு பயப்படுறீங்க, ஆனா அந்த சத்தம் பெரும்பாலும் சான்ட் அன்டோனி, பிளாயா தென் போசா பக்கம்தான். ரூமை வடக்கே சான்ட் ஜோன் பக்கம் மாத்திடுங்க, அங்க பஸ் கம்மி, அதனால கார் எடுத்துக்கோங்க. தால்த் விலா கோட்டைக்கு காலையிலயே போயிடுங்க, 1999லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம், ஆனா கல்லு பாவின ஏத்தம், அம்மா முட்டிய பாத்துக்கோங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது செஸ் சலீனஸ் உப்பளம். சாயங்காலம் பாத்தியில தண்ணி ரோஸ் கலர்ல மின்னும், ஃபிளமிங்கோ தலைய கவுத்து மேஞ்சுக்கிட்டே நகரும், ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கும், அங்க அவசரமே படாதீங்க. இன்னொரு நாள் காலா தோர்த் பீச் போய் எஸ் வெத்ரா பாறைகிட்ட சூரியன் இறங்குறத பாருங்க, அந்தப் பாறை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்துக்கு கடல்லேருந்து நேரா நிக்கும், அம்மாவுக்கு கண்டிப்பா பிடிக்கும்.