பெரிய விலங்கு வேட்டைக்குச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் .30-06 போல்ட் ரைஃபிளின் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) உதையைத் தாங்க முடியவில்லை. சிவப்பு மான், காட்டுப்பன்றி வேட்டைக்குச் செமி ஆட்டோமேட்டிக்குக்கு (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) மாறலாமா? எந்த மாதிரி, எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு) சரியாக இருக்கும்? பெரும்பாலும் 150 மீட்டருக்குள்தான் சுடுகிறேன்.

தாராளமாக மாறலாம். செமி ஆட்டோ வாங்க நினைக்கும் பலர் "அடுத்தடுத்து வேகமாகச் சுடலாமே" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நீங்கள் தோளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கு மேலாக இரண்டு வகையையும் வைத்து வேட்டையாடி வருகிறேன். உதை மென்மையாவதும், சுட்ட பிறகும் கண் ஸ்கோப்பிலேயே நிற்பதும்தான் செமி ஆட்டோ எனக்குத் தந்த பெரிய பலன். வேகம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் சட்டம். பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் இந்த வகை சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் ஊசி அடித்து வெடிக்கும்) ரைஃபிள்கள் 1988-லேயே தடை செய்யப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு சாதாரண வேட்டைக்காரருக்கு அனுமதி கிடைக்காது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வேட்டையின்போது மேகசினில் (தோட்டாப் பெட்டி) 2, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) 1 என மொத்தம் 3 தோட்டாக்கள்தான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதித்தாலும் மேகசின் வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் உங்கள் வேட்டைப் பகுதியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வைத்திருக்க அனுமதி இருந்தும் அதே துப்பாக்கியை மான் வேட்டைக்குக் கொண்டுபோக அனுமதி இல்லாத இடங்கள் உண்டு.

சரி, உதை எப்படிக் குறைகிறது? தோட்டாவின் மொத்த விசை மாறுவதில்லை. குண்டு குழலில் போகும்போதே, குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அது சேம்பரை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து பின்னுக்கு அனுப்புகிறது. கனமான போல்ட் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னே போவதால், ஒரே நொடியில் தோளில் விழ வேண்டிய அடி கொஞ்சம் நீண்ட தள்ளலாக மாறிவிடுகிறது. வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடித்தால் உள்ளங்கை வலிக்காது, அல்லவா? அதே கதைதான். இதனால் அறுவை சிகிச்சை ஆன தோளுக்கு எல்லாமே ஏற்றதாகிவிடாது. .300 வின்செஸ்டர் மேக்னம் செமி ஆட்டோவிலும் நன்றாகவே உதைக்கும்.

இங்கே என் முதல் வருடத்தைச் சொல்லியாக வேண்டும். விரட்டு வேட்டை. ஒரு பெரிய பன்றி புதரிலிருந்து குறுக்கே ஓடியது. மூன்று முறை சுட்டேன், எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள். போல்ட் ரைஃபிளாக இருந்திருந்தால் முதல் குண்டுக்கே மூச்சைப் பிடித்திருப்பேன். "இன்னும் இரண்டு இருக்கிறது" என்ற நினைப்பு என் விரலை அவசரப்படுத்திவிட்டது. மூன்றில் ஒன்று வயிற்றில் பட்டிருந்தது. தடம் தேடும் நாயோடு இருட்டும்வரை நடந்துதான் அதைக் கண்டுபிடித்தோம். அந்த விலங்கு அத்தனை மணி நேரம் பட்ட பாடு இன்றும் மனதை அறுக்கிறது. அதற்குப் பிறகு ஒரு முழுப் பருவம் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுத்தான் போனேன். பழைய பழக்கம் திரும்ப வந்தது. நீங்களும் முதல் சில மாதங்கள் அப்படிச் செய்து பாருங்கள்.

மாதிரிகளுக்கு வருவோம். வேட்டைக்கென்றே செய்யப்பட்டவற்றில் நீண்ட காலம் ஓடி நிரூபித்தது பிரவுனிங் பார் (BAR). 1967-இல் வந்தது, மார்க் 3 அதன் பின்னாளைய வடிவம். இதே பெயருள்ள 1918-ஆம் ஆண்டு ராணுவத் துப்பாக்கிக்கும் இதற்கும் அமைப்பில் தொடர்பில்லை. ஏழு பற்கள் கொண்ட சுழலும் போல்ட், வாயுவால் இயங்கும் பிஸ்டன், கீழ்நோக்கித் திறக்கும் கதவில் பொருந்திய மேகசின். .243 முதல் .338 வின்செஸ்டர் மேக்னம் வரை பல காலிபர்களில் வந்திருக்கிறது. அடுத்தது பெனெல்லி ஆர்1, ஐரோப்பாவில் ஆர்கோ என்ற பெயரில் விற்பது. இதில் வாயு எடுக்கும் துளை சேம்பருக்கு அருகிலேயே இருப்பதால், வாயு இன்னும் சூடாகவும் சுத்தமாகவும் வந்து கரி குறைவாகப் படிகிறது என்பார்கள். என் அனுபவத்திலும் அதைத் துடைக்க நேரம் குறைவாகத்தான் ஆகிறது. சாவர் 303-இல் எனக்குப் பிடித்தது அதன் பாதுகாப்பு அமைப்பு. சேம்பரில் தோட்டா இருக்கும்போதும் சுடுவதற்கான ஸ்பிரிங் தளர்ந்தே இருக்கும். சுடப்போகும் தருணத்தில்தான் கட்டைவிரலால் தள்ளி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ராணுவ ரைஃபிள் வடிவில் வரும் ஏஆர்-10 வகைகளும் இருக்கின்றன. .308, 6.5 கிரீட்மோர் இரண்டும் அதில் கிடைக்கும். துல்லியத்தில் பலவும் மேலே சொன்னவற்றை மிஞ்சும், ஸ்டாக் (தோளில் பதியும் பகுதி) நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஸ்கோப் போடுவதற்கு முன்பே பல மாதிரிகள் 4 கிலோ தொடும். பார் வகை 3.3 கிலோ அளவில் நிற்கிறது. காலையிலிருந்து மாலைவரை சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் மதியத்துக்கு மேல் தெரியும். மரமேடையில் உட்கார்ந்தே சுடுபவர் என்றால் எடை ஒரு பொருட்டில்லை, உதையை அது இன்னும் குறைக்கவும் செய்யும். உங்கள் தோளுக்குக் கனம் தூக்குவது சிரமமா, உதை வாங்குவது சிரமமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

காலிபர் விஷயத்தில் என் பதில் .308 வின்செஸ்டர். 165 கிரெய்ன் (சுமார் 10.7 கிராம்) குண்டு, குழல் வாயில் சுமார் 3,600 ஜூல் ஆற்றல் தரும். சிவப்பு மானுக்கு ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் கேட்பது 100 மீட்டரில் 2,000 ஜூல், 6.5 மில்லிமீட்டர் விட்டம். .308 அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. உங்கள் .30-06-ஐ விட உதையும் குறைவு, தோட்டாவும் குட்டை. 150 மீட்டருக்குள் விலங்குக்கு எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை. 9.3×62-ஐப் பன்றிக்காகப் பலர் கொண்டாடுவார்கள், நல்ல காலிபர்தான். ஆனால் உங்கள் தோளுக்கு வேண்டாம். .223 எந்த வடிவில் வந்தாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

துல்லியம் பற்றிப் பயம் தேவையில்லை. நல்ல வேட்டை செமி ஆட்டோ 100 மீட்டரில் மூன்று குண்டுகளை 4 முதல் 6 சென்டிமீட்டருக்குள் வைத்தால் போதும். 150 மீட்டரில் அது 9 சென்டிமீட்டருக்குள். சிவப்பு மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ட்ரிகர் விசையைத்தான் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செமி ஆட்டோக்களில் விசை கனமாக இருக்கும். போல்ட் ரைஃபிளின் கண்ணாடி உடைவது போன்ற விசைக்குப் பழகிய விரல் முதலில் தடுமாறும். நீங்களாகவே அதை இலகுவாக்க முயலாதீர்கள். துப்பாக்கி தானாக வெடிக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. தகுதி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

இன்னொரு பழக்க மாற்றம் எனக்கு நல்ல பாடம் கற்பித்தது. விடியற்காலை, சத்தம் வரக்கூடாதே என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல முன்னே விட்டேன். போல்ட் ரைஃபிளில் அப்படித்தானே செய்வோம்! கால் மணி நேரம் கழித்து நாற்பது மீட்டரில் கலைமான் நின்றது. விசையை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. போல்ட் முழுதாகப் பூட்டாமல் மயிரிழை பின்னாலேயே நின்றிருந்தது. செமி ஆட்டோவின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து ஒரேயடியாக விட்டுவிட வேண்டும். சத்தம் வரும், வரட்டும். வண்டிக்கு அருகிலேயே, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து ஏற்றிவிட்டு, போல்ட் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சுட்ட பிறகும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. நீங்கள் எதுவும் செய்யாமலேயே அடுத்த தோட்டா சேம்பரில் ஏறி நிற்கிறது. விலங்கு விழுந்த மகிழ்ச்சியில் எழுந்து நடப்பதற்கு முன் சேஃப்டியைப் போடுங்கள். கூட வந்தவர் முன்னால் போவார், அவருடைய முதுகுக்குப் பின்னால் ஏற்றிய துப்பாக்கியோடு நீங்கள் நடப்பீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

சுத்தம் செய்வது போல்ட் ரைஃபிளை விட அதிக வேலை. பார் வகையில் போல்ட்டை எளிதாகக் கழற்ற முடியாததால் குழலை வாய்ப்பக்கத்திலிருந்து துடைக்க வேண்டியிருக்கும். முனையைக் கம்பி உரசிக் கெடுக்காமல் இருக்க, சேம்பர் பக்கமிருந்து இழுக்கும் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். வாயு பிஸ்டனில் படியும் கரியைப் பருவத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும். எண்ணெய் மெல்லிய பூச்சாக மட்டும் இருக்கட்டும். கடும் குளிரில் அதிக எண்ணெய் கெட்டியாகிப் போல்ட்டை மந்தமாக்கும். சேம்பரை மட்டும் காய்ந்த துணியால் துடைத்து உலர வையுங்கள். வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் இருந்தால், உறையை முழு அளவுக்கு அழுத்திச் சீராக்குங்கள். போல்ட் கைப்பிடியின் பலம் இங்கே இல்லை, கொஞ்சம் பருத்த உறை கூடப் பாதியில் நின்றுவிடும்.

பழையது வாங்கும் எண்ணம் இருந்தால் நிதானம் தேவை. 1960-இலிருந்து 1980 வரை வந்த ரெமிங்டன் 742-இல் போல்ட் ஓடும் தடங்கள் உள்ளே தேய்ந்து தழும்பாகும். தேய்ந்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை. விளக்கு அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வின்செஸ்டர் 100-இன் சுடும் ஊசி உடையும் குறைபாட்டுக்காக நிறுவனமே 1990-இல் திரும்ப அழைத்தது. ஊசி மாற்றப்பட்டதா என்று தெரியாமல் அதில் ஒரு தோட்டா கூடப் போடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் .308-இல் பார் அல்லது ஆர்1, எது கன்னத்தோடு தானாகப் பொருந்துகிறதோ அதை எடுப்பேன். கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு திறந்து பாருங்கள். ஸ்கோப்பின் நடு நேராகத் தெரிந்தால் அதுதான் உங்களுடையது. நல்ல ரீகாயில் பேடும் போட்டுவிடுங்கள். அப்புறம் மூன்று வகைத் தோட்டா வாங்கி, எது ஒரே இடத்தில் விழுகிறது, எது தடங்கலின்றி ஓடுகிறது என்று பாருங்கள். தேர்ந்த வகையில் பருவத்துக்கு முன் ஒரே நாளில் இருபது தோட்டா, நின்றும் உட்கார்ந்தும் சுட்டுவிட்டு, மறுநாள் காலையில் தோள் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். வலி இருந்தால் 6.5 கிரீட்மோர் பக்கம் போவது பற்றிப் பேசலாம்.