மாக்பெத்: ரத்தம் யார் கையில்?

வாசகர் கேள்விகள், நாடகப் பக்கம்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ பற்றியவை. 1606-ஐ ஒட்டி எழுதப்பட்டு, 1623-இல் முதன்முதலாக அச்சேறிய நாடகம். ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத், மனைவியின் தூண்டுதலில், தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைக் கொன்று முடிசூடி, பிறகு அழிகிறான். கதை இவ்வளவுதான்.

‘ரத்தம் குற்ற உணர்வின் குறியீடு’ என்று தேர்வில் எழுதி, ஐந்து மேற்கோள்களும் கொடுத்தேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தவறு?
முதுகலை மாணவி, திருச்சி

தவறில்லை, பாதியில் நின்றுவிட்டீர்கள். ரத்தம் இந்த நாடகத்துக்குள் நுழையும்போது குற்றத்தோடு வரவில்லை, பெருமையோடு வருகிறது. முதல் அங்கம் இரண்டாம் காட்சியின் முதல் வரியே, “யார் இந்த ரத்தம் தோய்ந்த மனிதன்?” என்று டங்கன் கேட்பதுதான். வந்தவன் காயம்பட்ட வீரன். மாக்பெத்தின் வீரத்தை அவன் சொல்லி முடித்ததும், உன் சொல்லைப் போலவே உன் காயங்களும் உனக்குப் பெருமை தருகின்றன என்கிறான் அரசன். அதே அரசனின் ரத்தம்தான் அடுத்த அங்கத்தில் மாக்பெத்தின் கையில் இருக்கிறது. மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில், ரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டேன், திரும்பிப் போவதும் அக்கரை ஏறுவதும் ஒரே அலுப்புதான் என்கிறான். குற்ற உணர்வைவிட அங்கே களைப்புதான் தெரிகிறது. மேற்கோள்களை வரிசையாக அடுக்கினால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

இரண்டு காட்சிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் கொலை முடிந்து வந்தவன், கடல் முழுவதும் கொண்டு கழுவினாலும் இந்தக் கை சுத்தமாகாது, இந்தக் கைதான் பச்சைக் கடலைச் சிவப்பாக்கும் என்கிறான். மனைவியோ, கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். ஐந்தாம் அங்கம் முதல் காட்சியில், தூக்கத்தில் நடந்துவரும் அவள்தான் கறை போகவில்லை என்று கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவை கால் மணி நேரம் அப்படித் தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன் என்கிறாள் பணிப்பெண். தண்ணீரைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை. அரேபியாவின் அத்தனை வாசனைத் திரவியங்களும் இந்தச் சின்னக் கையை மணக்கவைக்காது என்கிறாள். கறையோடு நாற்றமும் சேர்ந்துகொண்டது. கணவன் பேசிய பேச்சு மனைவியின் வாய்க்கு இடம் மாறியிருக்கிறது. அவனோ அந்த அங்கத்தில் பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான்.

கத்தியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முதலில் காற்றில் தெரியும் கற்பனைக் கத்தி, அதன்பின் கையில் நிஜக் கத்திகள். ரத்தம் நேர் எதிர்: முதலில் கையில் நிஜ ரத்தம், கடைசியில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ரத்தம். ஒன்று உள்ளிருந்து வெளியே வருகிறது, மற்றது வெளியிலிருந்து உள்ளே போகிறது.

குறிப்பெடுக்க ஒரு தாளில் நான்கு கட்டம் போதும்: அங்கம்–காட்சி, யார் யாரிடம் சொல்கிறார், அது மேடையில் கண்ணுக்குத் தெரிகிறதா பேச்சில் மட்டுமா, முன்பு வந்ததிலிருந்து என்ன மாறியது. நான்காவது கட்டம் காலியாக இருக்கும் வரியை விடையில் சேர்க்க வேண்டாம். சங்கப் பாட்டில் உள்ளுறை (இயற்கைக் காட்சிக்குள் மறைந்த பொருள்) பிரித்துப் பழகியவர்களுக்கு இது சற்றுச் சிரமம். அங்கே வண்டுக்குத் தலைவன், பூவுக்குத் தலைவி என்று ஒன்றுக்கொன்று பொருத்திவிடலாம். ஐந்து அங்கம் ஓடும் நாடகத்தில் அந்தப் பொருத்தம் நிலைத்து நிற்காது.

உடை பற்றிய படிமம் உண்மையிலேயே இருக்கிறதா, விமர்சகர்கள் ஏற்றிச் சொன்னதா?
பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

இருக்கிறது. புதுப் பட்டம் கிடைத்ததும் மாக்பெத்தே கேட்கிறான்: இரவல் உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள்? புது உடை போல, பழகப் பழகத்தான் உடம்போடு படியும் என்கிறான் சக தளபதி பாங்க்வோ. முடிசூட்டுக்கு முன், புது அங்கியைவிடப் பழையதே நமக்குச் சௌகரியமாக இருந்தது என்றாகிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறான் பிரபு மக்டஃப். கடைசியில் இன்னொரு பிரபு ஆங்கஸ் சொல்வது: குள்ளத் திருடன்மேல் அரக்கனின் அங்கி தொங்குவது போல அவன்மேல் பட்டம் தொங்குகிறது.

1935-இல் விமர்சகர் கேரலைன் ஸ்பர்ஜன் இதை விரிவாக எடுத்துக்காட்டியபோது, பெரிய உடைக்குள் சிறிய மனிதன் என்று படித்தார். 1947-இல் இன்னொரு விமர்சகர் கிளீன்த் புரூக்ஸ், அளவு முக்கியமில்லை, உடை அவனுடையதில்லை என்பதே முக்கியம் என்றார். புரூக்ஸ் பக்கம்தான் நியாயம். போர்க்களத்து மாக்பெத் எந்த விதத்திலும் சிறிய மனிதன் இல்லை. ஆங்கஸ் சொன்னதில் ‘திருடன்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள்.

கல்லூரி விழாவுக்குக் கொலைக் காட்சியையும் தூக்கத்தில் நடக்கும் காட்சியையும் போடுகிறோம். கையில் ரத்தம் எப்படிப் பூசுவது, எப்போது கழுவுவது?
நாடகக் குழு, கோவை

நேரக் கணக்கை நாடகமே கொடுக்கிறது. மணி ஒலித்து மாக்பெத் உள்ளே போனதிலிருந்து ரத்தக் கைகளோடு திரும்பும்வரை மனைவி பேசுவது பன்னிரண்டு, பதின்மூன்று வரி. முக்கால் நிமிடம் இருக்கும். அவள் கத்திகளை வாங்கிக்கொண்டு கொலை நடந்த அறைக்குப் போய் வர ஏழு வரிதான், அரை நிமிடம்கூட இல்லை. ஆகவே பக்கத்திரைக்குப் பின்னால் தட்டு தயாராக இருக்க வேண்டும், பூசிவிட ஒருவர் நிற்க வேண்டும்.

பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 100 மில்லி, வெந்நீர் 20 மில்லி, சிவப்பு உணவு வண்ணம் அரை தேக்கரண்டி, கோகோ பவுடர் கால் தேக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கோகோவை முதலில் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். கோகோ இல்லையென்றால் நிறம் ரோஸ்மில்க் மாதிரி நிற்கும். சோப்புத் திரவம் இருப்பதால் கழுவுவது சுலபம், அதனாலேயே வாய்க்கும் கண்ணுக்கும் அருகே கொண்டுபோகக் கூடாது. கையில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் சாயம் அவ்வளவாகப் பிடிக்காது. உடைத் துணியின் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். இந்தக் காட்சிக்குச் சிவப்பு விளக்கு வேண்டாம், ரத்தம் வெளுத்துத் தோலோடு கலந்துவிடும். நீல விளக்கில் கறுப்பாகத் தெரியும்.

கழுவும் நேரம் வாயிற்காவலன் காட்சி. கதவு தட்டப்படும்போதே கணவனும் மனைவியும் உள்ளே போகிறார்கள். காவலன் உளறி, கதவைத் திறந்து, மக்டஃபோடு பேசி முடிப்பதற்குள் மாக்பெத் கை கழுவி இரவு அங்கி மாட்டிக்கொள்ளலாம். நேரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று பலர் முதலில் வெட்டுவது இந்தக் காட்சியைத்தான். வெட்டினால் ஈரக் கையோடு நடிகர் ஓடி வருவார், தட்டும் சத்தத்தின் பயமும் போய்விடும்.

தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அவள் கையில் ஒரு துளிகூடப் பூசாதீர்கள். மருத்துவரும் பணிப்பெண்ணும் வெறும் கையைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு தெரிந்தால் காட்சி செத்தது. அவள் கொண்டுவரும் மெழுகுவர்த்தி மட்டும் அவசியம், எப்போதும் பக்கத்தில் விளக்கு இருக்க வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. தேய்ப்பதற்கு முன் அவள் அதை எங்கே வைக்கிறாள் என்று ஒத்திகையிலேயே முடிவு செய்துவிடுங்கள், இரண்டு கையும் வேண்டும்.

இத்தனை பறவைகள் ஏன்?
வாசகர், புதுச்சேரி

ஆந்தையும் அண்டங்காக்கையும் அபசகுனம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் அதிகம் இல்லை. கூடுகளைக் கவனியுங்கள். டங்கன் வரும் மாலையில், கோட்டைச் சுவரெங்கும் தகைவிலான் கூடு கட்டியிருப்பதைப் பார்த்து, இங்கே காற்றே இனிமை என்கிறான் பாங்க்வோ. நான்காம் அங்கத்தில், கணவன் விட்டுப்போன மக்டஃபின் மனைவி, குருவிகளில் மிகச் சிறியதுகூடக் கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்காக ஆந்தையோடு சண்டையிடும் என்கிறாள். எப்படிப் பிழைப்பாய் என்று கேட்டால், பறவைகள் பிழைக்கிற மாதிரி என்கிறான் அவளுடைய சிறுவன். சற்று நேரத்தில் கொலைகாரர்கள் வந்துவிடுகிறார்கள். செய்தி மக்டஃபை எட்டும்போது அவன் வாயில் வருவதும் பறவைதான்: நரகப் பருந்தே, என் குஞ்சுகள் எல்லாமா, தாயோடு சேர்த்தா, ஒரே பாய்ச்சலிலா?

அதற்குச் சற்று முன் அவன் சொல்லும் வரி, “அவனுக்குப் பிள்ளைகள் இல்லை.” ‘அவன்’ மாக்பெத்தா, பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்லும் இளவரசன் மால்கமா என்று நாடகம் சொல்லவில்லை. நடிகர் எந்தப் பக்கம் திரும்பி அதைச் சொல்கிறார் என்று அடுத்த முறை மேடையில் பாருங்கள்.